குறைந்த செலவில் வீட்டுத் தோட்டத்துக்கு உரத்தொட்டி: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான முழு வழிகாட்டி

சமையலறைக் கழிவை மட்கவைக்கும் உரத்தொட்டி செய்ய முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் டிரம்மைத் தேடிப் போகிறார்கள். டிரம் வந்ததும் துளை போடுகிறார்கள், அன்று மாலையே காய்கறித் தோலைக் கொட்டத் தொடங்குகிறார்கள், இரண்டு வாரத்தில் நாற்றம் தாங்காமல் மூடிவைத்துவிடுகிறார்கள். தொட்டியின் மேல் பழி விழுகிறது. குறையோ வரிசையில் இருக்கிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்தால் விலையுயர்ந்த ஆயத்தத் தொட்டி எதுவும் தேவைப்படாது.

1. டிரம்முக்கு முன்னால் சருகு

சமையலறைக் கழிவில் நீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மிகுதி. அது தனியாகக் கிடந்தால் தன் நீரிலேயே ஊறி, காற்றுப் புகாமல் அழுகும். மட்குவதற்கு வேண்டிய கரிச்சத்தையும் (கார்பன்), துகள்களுக்கு இடையே காற்று நிற்கும் இடைவெளியையும் தருவது உலர்பொருள். ஆகவே குறைந்தது ஒரு மாதத்துக்குத் தேவையான சருகு மூட்டையாகக் கட்டி வீட்டில் இருந்த பின்னரே தொட்டியைத் தொடங்க வேண்டும். நால்வர் உள்ள வீட்டுக்கு, அழுத்திக் கட்டிய நான்கைந்து அரிசிச் சாக்குகள் ஒரு மாதத்துக்குப் போதும்.

நம் பக்கத்தில் வேம்பும் புங்கையும் மாசி, பங்குனியில் இலை உதிர்க்கின்றன. பூவரசும் நாட்டு வாதுமையும் தெருவெங்கும் உண்டு. அந்த மாதங்களில் சேர்த்து நிழலில் உலரவைத்த சருகுதான் ஐப்பசி மழையில் கை கொடுக்கும். மழை தொடங்கிய பின் சருகு தேடினால் நனைந்த குப்பைதான் கிடைக்கும்.

சருகை அப்படியே போடாமல், சாக்குக்குள் வைத்தே காலால் மிதித்தோ கையால் நொறுக்கியோ போடுங்கள். வாதுமை, தேக்கு, முந்திரி போன்ற தடித்த இலைகள் முழுதாகக் கிடந்தால் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, காற்றை மறைக்கும் தட்டாகிவிடும். கடற்கரையோரத்தில் எளிதாகக் கிடைக்கும் சவுக்கு மிலாறு, அதாவது அதன் மெல்லிய குச்சிகள், மட்க நெடுநாள் எடுக்கும்; காற்றோட்டத்துக்காகச் சிறிதளவு சேர்க்கலாம், அதையே முதன்மையாக நம்பக் கூடாது. தென்னை ஓலையையும் மட்டையையும் தொட்டிக்குள் போடுவதைவிட மூடாக்காக நிலத்தில் பரப்புவதே மேல்.

சருகு கிடைக்காத மாடி வீட்டுக்காரர்களுக்கும் வழி உண்டு. நிலக்கடலைத் தொலி காற்றோட்டத்துக்கு மிகச் சிறந்தது. கடலூர் மாவட்டத்தில் கடலை உடைக்கும் இடங்களில் கேட்டுப் பெறலாம். கரும்புச்சாறு கடையின் சக்கையை இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, துண்டாக்கிப் போடலாம். ஈரமாகப் போட்டால் எறும்பு மொய்க்கும். மரத்தூள் வாங்கினால் மரவாடியில் அறுத்த மரத்தின் தூளாக இருக்கட்டும். ஒட்டுப்பலகை அறுக்கும் பட்டறைத் தூளில் பசை கலந்திருக்கும் என்பதால் அது வேண்டாம். தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். ஆனால் அது மட்குவது மெதுவாகத்தான் நடக்கும், சில கட்டிகளில் உப்பும் இருக்கும். சருகுடன் பாதிக்குப் பாதி கலந்து போடுவது என் பரிந்துரை.

2. ஒரு வாரக் கழிவை அளந்து பாருங்கள்

தொட்டியின் அளவை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் சேர்த்து, நாளுக்கு எத்தனை லிட்டர் நிறைகிறது என்று பாருங்கள். நால்வர் உள்ள வீட்டில் இது பெரும்பாலும் ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வரும்.

இரண்டு லிட்டர் ஈரக்கழிவுடன் நான்கு லிட்டர் நொறுக்கிய சருகு சேர்ந்தாலும், அது நாள்தோறும் அமுங்கிக் குறைந்துகொண்டே போகும். எனவே 100 லிட்டர் டிரம் ஒன்று நிறைய ஏறத்தாழ ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். நிறைந்த பின் அது மட்கி முடிய நம் வெப்பத்தில் மேலும் இரண்டு மாதம் போல வேண்டும். இந்தக் கணக்கிலிருந்து தெரிவது ஒன்று: ஒரு தொட்டி போதாது, இரண்டு வேண்டும். ஒன்று நிறையும்போது மற்றொன்று முதிர வேண்டும். ஒரே தொட்டியில் மேலே புதிய கழிவைப் போட்டுக்கொண்டே அடியில் உரம் எடுக்க நினைப்பவர்களுக்கு அரைகுறையாக மட்கிய சேறுதான் கிடைக்கும்.

3. கலனைத் தேர்ந்தெடுத்தல்

தோட்டம் பத்துப் பன்னிரண்டு தொட்டிச்செடிகள் மட்டுமே என்றால், 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் நான்கு போதும். வீடு கட்டும் இடத்தில் வண்ணம் பூசுபவரிடம் கேட்டால் பெரும்பாலும் விலையில்லாமலே கிடைக்கும். நீரில் கரையும் சுவர் வண்ணம் இருந்த பிளாஸ்டிக் வாளியாகப் பார்த்து, உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கும் வண்ணத்தை முழுவதும் உரித்துக் கழுவிக்கொள்ளுங்கள். எனாமல் இருந்த தகர டப்பா வேண்டாம். அது துருவும் பிடிக்கும்.

மண்தரையும் கொல்லைப்புறமும் உள்ள வீட்டுக்கு 100 முதல் 200 லிட்டர் வரையிலான பழைய டிரம் ஏற்றது. இங்கேதான் நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கடலூரில் சிப்காட் வளாகமும், புதுச்சேரியைச் சுற்றிப் பல தொழிற்பேட்டைகளும் இருப்பதால், காயலான் கடைக்கு வரும் நீல டிரம்களில் வேதிப்பொருள் ஏற்றிவந்தவையும் கலந்திருக்கும். நீல நிறம் எதற்கும் சான்றல்ல; ஊறுகாயும் அதே நீல டிரம்மில் வரும், அமிலமும் அதே நீல டிரம்மில் வரும். ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். சீட்டு கிழிக்கப்பட்டிருந்தாலோ, மூடியைத் திறந்ததும் மூக்கை எரிக்கும் நெடி வந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். நாம் உண்ணும் கீரைக்குப் போகும் உரம் இது. அடுமனை, ஊறுகாய்க்கடை, இனிப்பகம் போன்ற இடங்களில் நேரடியாக வாங்குவதே நிம்மதி. ஊறுகாய் டிரம்மானால் உப்புப் போக மூன்று நான்கு முறை கழுவி வெயிலில் வையுங்கள்.

முழுமூடி கழற்றக்கூடிய டிரம்மையே வாங்க வேண்டும். சிறு வாய் மட்டும் உள்ளதை வாங்கினால் மேல்பகுதியை அறுக்க வேண்டிவரும். பிறகு மழைக்கும் எலிக்கும் பொருந்தும் மூடி கிடைப்பது கடினம்.

மண்பாண்டத்தை விரும்புகிறவர்களுக்கு வில்லியனூர் அருகிலேயே இருக்கிறது. சுட்ட மண்ணின் நுண்துளை வழியே ஈரம் வெளியேறுவதால் அதில் நாற்றம் குறைவு. ஆனால் எடை அதிகம்; விளிம்பு உடைந்தால் மூடி பொருந்தாது. மலிவு என்ற நோக்கில் பார்த்தால் பிளாஸ்டிக் டிரம்மே முந்தும்.

சருகு மட்டும் மிகுதியாகக் கிடைக்கும் தோட்டத்தில் எதையும் வாங்கவே வேண்டாம். ஒரு மீட்டர் உயரக் கோழிவலையை மூன்றரை மீட்டர் நீளம் வெட்டி வளையமாகக் கட்டி நிறுத்தினால் போதும். சமையலறைக் கழிவை மட்டும் அதில் போடாதீர்கள். நாயும் காகமும் இழுத்துப் போடும்.

4. துளையிடுதல்

மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். நாற்றம் அவற்றின் வேலைதான். ஆகவே துளைகள் அடியில் மட்டும் இருந்தால் போதாது, பக்கவாட்டில் எல்லா மட்டத்திலும் வேண்டும்.

100 லிட்டர் டிரம்முக்கு 10 மில்லிமீட்டர் துளைகளை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இடுங்கள். ஒரு வரிசைக்கு நேர் மேலே அடுத்த வரிசை வராமல் சற்று நகர்த்திப் போட்டால் டிரம்மின் வலு குறையாது. அடியில் எட்டுப் பத்துத் துளைகள் போதும். பெயிண்ட் வாளிக்கு 6 மில்லிமீட்டர் துளையும் 8 சென்டிமீட்டர் இடைவெளியும் சரியாக இருக்கும்.

டிரில்லிங் இயந்திரம் இல்லாதவர்கள் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துகிறார்கள். அதைச் செய்வதானால் திறந்த வெளியில், புகை உங்களை விட்டு விலகிப் போகும்படி நின்று செய்யுங்கள். தெரிந்த தச்சரிடமோ மின்பணியாளரிடமோ கொடுத்தால் கால் மணி நேர வேலை.

துளையிட்ட பின் உட்பக்கம் சுற்றிலும் நைலான் கொசுவலையை ஒட்டிவிடுங்கள். பழ ஈயும் பூரானும் வராமல் தடுப்பது இதுதான். அடித்துளைகளுக்கு மட்டும் கொசுவலை போதாது. பெருச்சாளி அதைக் கடித்துக் கிழிக்கும். அங்கே இரும்பு வலைத்துண்டு வைத்து மேலே சிறு ஜல்லி பரப்புங்கள்.

கிளற முடியாத முதியவர்கள் உள்ள வீட்டில், துளையிட்ட 3 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை டிரம்மின் நடுவில் நிறுத்தி அதைச் சுற்றி நிரப்பலாம். டிரம்மின் மையப்பகுதிக்குத்தான் காற்று கடைசியாகப் போய்ச் சேருகிறது. கிளறக்கூடியவர்களுக்கு இந்தக் குழாய் இடைஞ்சல்.

5. இடம்

நிரம்பிய டிரம்மை நகர்த்த முடியாது. எனவே காலி டிரம்மாக இருக்கும்போதே இடத்தை முடிவு செய்யுங்கள். காலை வெயில் பட்டு நண்பகலுக்குப் பின் நிழல் விழும் இடம் நல்லது. அக்கினி நட்சத்திர வெயிலில் மாடியில் திறந்தவெளியில் நிற்கும் டிரம் விளிம்போரம் காய்ந்து, மட்கும் வேலை நின்றுவிடும்.

மூன்று செங்கல்லாவது உயரத்தில் வையுங்கள். அடியில் காற்று நுழையவும், கசிவுநீர் வழியவும், மழைநீர் தேங்கினால் டிரம்முக்குள் ஏறாமல் இருக்கவும் அந்த உயரம் வேண்டும். மாடியில் வைப்பதானால் சுவரை ஒட்டி வைத்து, கீழே தட்டு ஒன்று வையுங்கள். கசிவுநீர் தளத்தில் போகாத கறையாகப் படியும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

6. முதல் அடுக்கு

அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நொறுக்காத சருகு, சிறு குச்சி, கடலைத் தொலி ஆகியவற்றைப் போடுங்கள். மேலிருந்து இறங்கும் நீரை அது வடிக்கும், அடித்துளை அடைபடாது.

அதன் மேல் நுண்ணுயிர் மூலம் ஒன்று வேண்டும். முன்பே முடிந்த மட்கு உரம் இரண்டு கைப்பிடி கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் பசுஞ்சாணத்தை நீரில் கரைத்துத் தெளியுங்கள், அல்லது புளித்த மோர் தெளியுங்கள். கடையில் விற்கும் தூள் கட்டாயமல்ல. தோட்டமண் ஒரு கைப்பிடி போதும். கடற்கரை மணலில் உப்பும் இருக்கும், உயிரோட்டமும் குறைவு என்பதால் அதைப் போடாதீர்கள்.

7. அன்றாடம் போடும் முறை

ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு நொறுக்கிய சருகு. இது எடையில் அல்ல, கொள்ளளவில். நார்க்கழிவோ மரத்தூளோ அடர்த்தியானவை என்பதால் ஒன்றுக்கு ஒன்று போதும். மட்குதல் சீராக நடக்க ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து வேண்டும் என்பது பொதுவான கணக்கு; மேற்சொன்ன பங்கு அதற்கு ஏறத்தாழ அருகே கொண்டுவரும்.

கழிவைச் சிறிதாக வெட்டிப் போடுங்கள். முழு முட்டைக்கோஸ் தண்டு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பண்ருட்டிப் பலா வரும் கோடையில் ஒரு பழத்தின் மடலே ஒரு வாளியை நிறைத்துவிடும். அதைத் துண்டாக்கி, ஒருநாள் வெயிலில் வாடவைத்து, நான்கைந்து நாளாகப் பிரித்துப் போடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் தவறு, வாரம் முழுதும் ஈரக்கழிவை மட்டும் கொட்டிவிட்டு ஞாயிறன்று ஒரு சாக்குச் சருகை மேலே போடுவது. கணக்குப்படி பங்கு சரியாக இருக்கும், ஆனால் அடியில் இருப்பது ஏற்கெனவே அழுகியிருக்கும். ஒவ்வொரு முறையும், போட்ட கழிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சருகால் மூட வேண்டும். சருகுச் சாக்கு தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தால் இது பழக்கமாகிவிடும். மாடிப்படிக்கு அடியில் இருந்தால் ஆகாது.

தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்கறியில் உள்ள நீரே போதும்.

8. போடக்கூடாதவை

சாம்பார் கலந்த சோறு, பொரித்த எண்ணெய் மிச்சம், மீன் செதில், எலும்பு ஆகியவை வேண்டாம். எண்ணெய் துகள்களை மூடிக் காற்றை மறைக்கும். உப்பு மண்ணில் சேரும். மீன் வாசம் பெருச்சாளியை அழைத்துவரும். கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் கழிவு நாள்தோறும் சேரும் வீடுகள் அதைத் தென்னை மரத்தடியில் ஒரு முழத்துக்கு மேல் ஆழமாகக் குழிதோண்டிப் புதைப்பதே சரி.

முந்திரிக் கொட்டையின் ஓட்டைப் போடவே கூடாது. அதிலுள்ள எண்ணெய் நம் கைத்தோலையே பொத்துப்போகச் செய்வது. முந்திரிப் பழச்சக்கை போடலாம், ஆனால் சருகு மூன்று பங்கு வேண்டும். அடுப்புச் சாம்பல் வாரத்துக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் காரத்தன்மை ஏறி, தழைச்சத்து நெடியாக வெளியேறும். நாய், பூனைக் கழிவு, நோய்பட்ட செடி, வழவழப்பான வண்ணத்தாள் ஆகியவற்றுக்கும் இடமில்லை. வீட்டு டிரம் பெரிய குவியலைப் போல நீடித்துச் சூடேறாது. நோய்க்கிருமியும் களைவிதையும் உயிரோடு தப்பிவிடும்.

முட்டை ஓட்டைப் போடலாம், பொடித்துப் போடுங்கள். வெங்காயத் தோல், எலுமிச்சைத் தோல் பற்றிய அச்சம் தேவையற்றது. மண்புழுத் தொட்டிக்குச் சொல்லப்படும் விதி அது.

9. கிளறுதலும் ஈரமும்

வாரம் ஒருமுறை, நுனி வளைத்த கம்பியாலோ பழைய மூங்கிலாலோ அடியிலிருந்து மேலாகக் கிளறுங்கள். நாள்தோறும் கிளறுவது பயனற்றது. உள்ளே சேரும் சிறு வெப்பமும் வெளியேறிவிடும்.

கிளறும்போது ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் எட்டிப்பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறுங்கள். கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் அரிசி களைந்த நீரைத் தெளியுங்கள்.

10. சிக்கலை வாசத்தால் அறிதல்

புளித்த, அழுகிய வாசம் வந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு. முழுவதையும் ஒரு தார்ப்பாயில் கொட்டி, சருகு கலந்து, அரை நாள் நிழலில் ஆறவிட்டு மீண்டும் நிரப்புங்கள். கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி வந்தால் ஈரத்தைக் குறை சொல்ல வேண்டாம். தழைச்சத்து மிகுந்துவிட்டது, சருகோ மரத்தூளோ போதவில்லை.

எறும்பு புற்றுக் கட்டினால் உள்ளே காய்ந்துவிட்டது என்று பொருள். மருந்து தூவாமல் நீர் தெளித்துக் கிளறினாலே போய்விடும்.

சாம்பல் நிறத்தில், தட்டையாக நெளியும் பெரிய புழுக்களைக் கண்டு பலர் தொட்டியையே கவிழ்த்துவிடுகிறார்கள். அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவை மிக வேகமாகத் தின்று தீர்ப்பவை, வளர்ந்த ஈ நம் உணவில் அமர்வதில்லை, நோய் பரப்புவதும் இல்லை. கண்ணுக்குப் பிடிக்கவில்லையென்றால் மேலே சருகை இன்னும் தடிமனாகப் போடுங்கள். வெள்ளையான மெல்லிய சிறு புழுக்கள் கூட்டமாக மேற்பரப்பில் இருந்தால்தான் கவலை. கழிவு மூடப்படாமல் கிடந்து வீட்டு ஈ முட்டையிட்டிருக்கிறது.

தட்டில் சேரும் பழுப்புக் கசிவுநீரைத் தேங்கவிடாதீர்கள். பத்து மடங்கு நீர் சேர்த்து மரத்தடியில் ஊற்றலாம். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினாவுக்கு வேண்டாம்.

11. வடகிழக்குப் பருவமழைக்கு முன்

நம் ஊரில் தொட்டி கெடுவது கோடையில் அல்ல, ஐப்பசி, கார்த்திகையில். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் கழிவு உலர வழியே இல்லை. அந்த இரண்டு மாதம் சருகின் பங்கை இரண்டிலிருந்து மூன்றாக்குங்கள். சருகுச் சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்துங்கள்.

மூடியில் துளை போட்டிருந்தால் அடைத்துவிடுங்கள். காற்றுக்குப் பக்கத்துளைகள் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் மூடியைக் கயிற்றால் குறுக்கே கட்டி, டிரம்மைத் தூணோடு பிணையுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது கூரைகளே பறந்தன. காலி டிரம்மை வெளியில் விட்டுவைப்பது அடுத்த வீட்டுச் சன்னலுக்கு ஆபத்து. நிரம்பிய டிரம் அசையாது, மூடிதான் போகும்.

தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள், வெள்ளநீர் டிரம்முக்குள் புகுந்துவிட்டால் அந்த உரத்தைக் காய்கறிக்குப் பயன்படுத்த வேண்டாம். தெருவெள்ளத்தில் சாக்கடையும் கலந்திருக்கும். மரங்களுக்குப் போட்டுவிட்டு, கழுவிய டிரம்மில் புதிதாகத் தொடங்குங்கள்.

12. முதிர்ச்சியும் சலித்தலும்

டிரம் நிறைந்ததும் அதில் எதையும் போடாமல், இரண்டாவது டிரம்மைத் தொடங்குங்கள். முதலாவதை வாரம் ஒருமுறை கிளறிக்கொண்டு மட்டும் இருந்தால் இரண்டு மாதத்தில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நிறம் கருத்து, போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியாமல், முதல் மழை மண்வாசம் வர வேண்டும்.

ஐயமிருந்தால் ஒரு கைப்பிடியை ஈரமாக நெகிழிப்பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது புளித்த வாசம் வந்தால் இன்னும் முதிரவில்லை. அதையும் மீறி ஐயமென்றால், உரம் பாதி மண் பாதி கலந்து பத்து வெந்தயத்தை ஊன்றிப் பாருங்கள். முதிராத உரத்தில் முளை கருகும், அல்லது வெளுத்து நிற்கும். பொறுமையில்லாமல் அரைமட்கை வேரடியில் போடுபவர்களின் செடி மஞ்சளாவதற்குக் காரணம், மட்கும் வேலை மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதுதான்.

மணல் சலிக்கும் சல்லடையில் சலித்து எடுங்கள். சற்று ஈரம் குறைந்த நாளில் சலித்தால் கண் அடைபடாது. தொட்டிச் செடிக்கு மண் மூன்று பங்கு, உரம் ஒரு பங்கு. முழு உரத்தில் செடி வைத்தால் உரம் இறுகித் தாழ்ந்துபோகும். தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மணற்பாங்கான தோட்டங்களில் நீர் நிற்காமல் கீழே ஓடிவிடுவதால், செடியைச் சுற்றி இரண்டு விரல்கடை கனத்துக்கு உரத்தைப் பரப்பி மேலே சருகு மூடாக்குப் போடுவது நல்ல பலன் தரும்.

சல்லடையில் நின்ற குச்சிகளையும் மட்காத துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியேறிய பொருள் அது. காலியான டிரம்மின் முதல் அடுக்காக அதையே பரப்பினால், அடுத்த சுற்றுக்குச் சாணமும் மோரும் தேட வேண்டியதில்லை.